சேமநிதிப் பணமும் அறக்கொடையும்

தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெருந்தொகை கைக்கு வருகின்றது. அது ஊழியர் சேமநிதிப் பணம். அப்பணம் வரவிருக்கும் செய்தி லயம் முழுதும் பரவுவதற்கு நெடுநாள் பிடிப்பதில்லை. மகன் மோட்டார் சைக்கிள் கேட்பான்; உறவினர் கைமாற்றுக் கேட்பர்; கோயில் திருப்பணிக் குழுவினர் உபயப் பட்டியலுடன் வந்து வாசலில் நிற்பர். முதல் இருவருக்கும் மறுமொழி கூறத் தெரிந்தவர்கூட, மூன்றாமவர் முன் சொல்லிழந்து நிற்பதைக் காண்கிறோம். கொடாதிருப்பது பழி என்று அஞ்சுகின்றனர். அவ்வேளையில் யாரேனும் ஒருவர், "கொடுங்கள் அண்ணே, வரியில் கழித்துக் கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டால் தயக்கம் முற்றும் நீங்கிவிடுகின்றது.

வரியில் கழித்துக் கொள்ளலாம் என்னும் அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம். தானா ராத்தாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழும் நம் வாசகர்க்கு இது பயன்படும் எனக் கருதுகின்றோம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டு, தலைமுறை தலைமுறையாக இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தோரின் மக்களில் பலர் இன்று ஆசிரியராகவும், எழுத்தராகவும், மேற்பார்வையாளராகவும், காய்கறித் தோட்ட உரிமையாளராகவும் விளங்குகின்றனர். ஒரே குடும்பத்தில் வரி கட்டுவோரும் உளர். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதோரும் உளர். இவ்வேறுபாடே இப்பொருளுக்கு அடிப்படை.

முதலில் சேமநிதியின் இயல்பை நினைவுகூர்வோம். 1951-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதி, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் நிதியாகும். மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத மலேசியத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. இந்நிதிக்குத் தொழிலாளி செலுத்தும் சந்தாவில் ஆண்டுக்கு 4,000 வெள்ளி வரை வரிச் சலுகை உண்டு. வயது 55 நிறைந்து பணத்தை எடுக்கும்போது அதன்மீது வருமான வரி இல்லை. ஆண்டுதோறும் சேரும் லாப ஈவுக்கும் வரி இல்லை. போகும்போதும் சலுகை, வரும்போதும் வரி இல்லை என்னும் இந்த நிலை நமக்கு வாய்த்த பெரும் நன்மை. ஆயினும் அறக்கொடையைப் பற்றி எண்ணும்போது இதே நன்மைதான் குழப்பத்துக்கும் காரணமாகின்றது.

இக்குழப்பத்தின் வேர் கடல் கடந்து இருக்கின்றது. அமெரிக்க நாட்டில் ஓய்வுக்காலக் கணக்கில் சேர்க்கும் பணத்துக்குப் பெரும்பாலும் முன்னரே வரி விதிக்கப்படுவதில்லை. முதுமையில் எடுக்கும்போதுதான் அது வருமானமாகக் கொள்ளப்பட்டு வரிக்குள்ளாகும். ஆகவே 2006-ஆம் ஆண்டு அங்கு ஒரு சட்டம் வந்தது. எழுபதரை வயது கடந்தவர், தம் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து அறநிறுவனத்துக்கு நேரடியாகப் பணம் செலுத்தினால், அத்தொகை அவருடைய வருமானத்தில் சேராது. முதலில் தற்காலிகமாக இருந்த இவ்வேற்பாடு 2015-இல் நிலையாக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக்கு ஒருவர்க்குரிய உச்ச வரம்பு 108,000 டாலர். வரி விழவேண்டிய பணம் வரி விழாமலே அறத்துக்குச் சென்றுவிடுகின்றது என்பதே அதன் சூட்சுமம்.

இதைக் கேள்வியுற்ற நம்மவர் சிலர், இங்கும் அப்படியே என்று எண்ணிக் கொள்கின்றனர். இங்கு நிலைமை வேறு. நம் சேமநிதிப் பணம் வெளிவரும்போது அதன்மீது வரியே இல்லை. இல்லாத வரியிலிருந்து எதைக் குறைப்பது? வயது காரணமாக எடுக்கும் தொகையை வாரியம் உறுப்பினரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் செலுத்துகின்றது. அதன்பின் அது அவர் வீட்டுப் பணம்.

இனி, நம் நாட்டுச் சட்டம் அறக்கொடைக்கு அளிக்கும் சலுகை யாது எனக் காண்போம். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, 6-ஆம் உட்பிரிவின்படி, அரசாங்கத்துக்கோ, மாநில அரசுக்கோ, ஊராட்சி மன்றத்துக்கோ, உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த நிறுவனத்துக்கோ நிதிக்கோ வழங்கும் பணக்கொடை, கொடுத்தவரின் அவ்வாண்டுத் திரட்டு வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அரசாங்கத்துக்கு வழங்குவதற்கு வரம்பில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு வழங்குவதற்குத் திரட்டு வருமானத்தில் 10 விழுக்காடு என்னும் வரம்பு உண்டு. தனிநபர்க்கு 7 விழுக்காடாக இருந்த இவ்வரம்பு 2020-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் 10 ஆக உயர்த்தப்பட்டது.

இங்கே 'அவ்வாண்டுத் திரட்டு வருமானம்' என்னும் தொடரை வாசகர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். சம்பளம், வியாபார லாபம், வாடகை போன்றவை அதில் அடங்கும். சேமநிதியிலிருந்து எடுத்த பணம் அதில் அடங்காது. ஒருவர் சேமநிதியிலிருந்து 80,000 வெள்ளி எடுத்து, அதில் 8,000 வெள்ளியை அங்கீகாரம் பெற்ற நிதிக்கே வழங்கினார் எனக் கொள்வோம். அவ்வாண்டில் அவருக்கு வேறு வருமானம் இல்லையெனில், திரட்டு வருமானம் சுழி. அதில் 10 விழுக்காடும் சுழியே. அவர் கையிலுள்ள ரசீது எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் ஒரு காசும் மீளாது. பயன்படாத கழிவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவும் சட்டம் இடந்தரவில்லை.

சிறிதளவு வேறு வருமானம் இருந்தாலும் நிலைமை பெரும்பாலும் மாறுவதில்லை. பிரிஞ்சாங்கில் ஒரு வீட்டை மாதம் 1,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்றவரைக் கருதுவோம். ஆண்டு வாடகை 12,000. தனிநபர் கழிவு 9,000 போக எஞ்சுவது 3,000. முதல் 5,000 வெள்ளிக்கு வரி விகிதம் சுழியாதலால், கொடை வழங்கினும் வழங்காவிடினும் அவர் வரி கட்டப்போவதில்லை. குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 வெள்ளி பெறும் தோட்டப் பாட்டாளிக்கும் இதுவே பொருந்தும். அவருடைய ஆண்டுச் சம்பளம் 20,400. சேமநிதிக் கழிவுக்குப் பின் ஆண்டுக்கு 34,000 வெள்ளியைத் தாண்டினாலன்றி வரிக் கோப்பே திறக்க வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் இச்சலுகை யாருக்குத்தான் பயன்படும்? வரி கட்டுகின்றவருக்கு. அதே குடும்பத்தில் தானா ராத்தாவில் ஆசிரியையாகப் பணிபுரியும் மகளின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய திரட்டு வருமானம் ஆண்டுக்கு 60,000 வெள்ளி எனவும், தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு 4,000 ஆகிய இரண்டு மட்டுமே உண்டு எனவும் வைத்துக்கொள்வோம். வரிக்குரிய வருமானம் 47,000. 2023-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, 35,000 வரை வரி 600 வெள்ளி. எஞ்சிய 12,000-க்கு 6 விழுக்காடு வீதம் 720. ஆக 1,320 வெள்ளி. அவர் அங்கீகாரம் பெற்ற நிதி ஒன்றுக்கு 2,000 வெள்ளி வழங்கினால் வரி 1,200 ஆகக் குறையும். மிச்சம் 120 வெள்ளி.

2,000 கொடுத்து 120 மீட்பது பெரிய லாபமன்று. வரியை மிச்சப்படுத்துவதற்காக எவரும் அறம் செய்வதில்லை, செய்வதும் கூடாது. கொடுப்பதென உறுதி செய்துவிட்ட பின், அதை எவர் பணத்திலிருந்து, எந்த ஆண்டில், யாருக்குக் கொடுப்பது என்று சிந்திப்பதில் தவறில்லை என்பதே நம் கருத்து. தந்தை தம் சேமநிதியிலிருந்து 2,000 வெள்ளி எடுத்துக் கொடுப்பதைவிட, மகள் தம் சம்பளத்திலிருந்து அதனை வழங்குவது இருவகையில் நன்று. மகளுக்கு வரி குறையும். தந்தையின் முதல் குறையாது நின்று லாப ஈவு ஈட்டும். கொடுத்தவர் எவரோ அவர் பெயரிலேயே ரசீது இருத்தல் வேண்டும். தந்தை தந்த பணத்துக்கு மகள் பெயரில் ரசீது எழுதச் சொல்வது முறைகேடு. அதற்குத் துணைபோகும் குழுப் பொருளாளரும் பிழை செய்தவராவார்.

ஆண்டைப் பகுத்துக் கொடுப்பதிலும் பயனுண்டு. மேற்சொன்ன ஆசிரியை 8,000 வெள்ளி வழங்க எண்ணினால், ஒரே ஆண்டில் வழங்கும்போது 10 விழுக்காடு வரம்பாகிய 6,000 மட்டுமே கழிக்கப்படும். வரி மிச்சம் 360 வெள்ளி. டிசம்பரில் 4,000, ஜனவரியில் 4,000 எனப் பிரித்து வழங்கினால் இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளிலும் முழுமையாகக் கழிக்கலாம்; மிச்சம் 480. ஒரு மாத இடைவெளியில் 120 வெள்ளி வேறுபாடு. பணி ஓய்வை நெருங்குவோர் இதைச் சிறப்பாகக் கருத வேண்டும். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஜூலை முதல் நடப்புக்கு வந்தபின் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும். சேமநிதியோ 55-லேயே கைக்கு எட்டுகின்றது. இடையிலுள்ள ஐந்து ஆண்டுகள் சம்பளமும் வரியும் தொடரும் ஆண்டுகள். மேற்பார்வையாளர், எழுத்தர் முதலிய வரி கட்டும் நிலையினர் பெருங்கொடை எதையேனும் மனத்தில் கொண்டிருப்பின், அதனை இவ்வாண்டுகளில் செய்து முடிப்பதே தக்கது. வேலையை விட்ட மறு ஆண்டு அதே கொடைக்கு வரிச் சலுகை கிட்டாது.

இனி, யாருக்குக் கொடுப்பது என்னும் கேள்வி. இங்குதான் நம் மக்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். ஓர் இயக்கம் சங்கப் பதிவகத்தில் பதிவு பெற்றிருப்பது ஒன்று. அவ்வியக்கத்தின் சொந்த வருமானத்துக்கு வரிவிலக்கு இருப்பது மற்றொன்று. அதற்குக் கொடை வழங்குவோர் வரிக் கழிவு பெறுவதற்கான 44(6) அங்கீகாரம் முற்றிலும் வேறொன்று. "நாங்கள் பதிவு பெற்ற சங்கம்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் நம் கேள்விக்கு அது விடையாகாது. அங்கீகாரக் கடிதத்தின் எண்ணையும் நாளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். அங்கீகாரம் காலவரையறை உடையது. முன்னொரு காலத்தில் பெற்றது இன்று காலாவதியாகியிருக்கலாம். வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கைப்பேசி பழகிய பிள்ளைகள் இல்லாத வீடு இன்று எந்த லயத்திலும் இல்லை.

வழிபாட்டுத் தலங்களிலும் அங்கீகாரம் பெற்றவை உண்டு, பெறாதவையும் உண்டு. தேர்த் திருவிழாவுக்குக் கொடுத்தது எல்லாம் வரிக் கழிவுக்கு வரும் என எண்ணற்க. 44(6) பேசுவது பணக்கொடையைப் பற்றி மட்டுமே. அன்னதானத்துக்கு அளித்த அரிசி மூட்டை, கோயிலுக்கு வாங்கித் தந்த வெண்கல மணி, பந்தற்காலுக்குக் கொடுத்த மரம், மூன்று நாள் சமையலறையில் நின்ற உழைப்பு ஆகியவை புண்ணியக் கணக்கில் ஏறலாம். வரிக் கணக்கில் ஏறா. மொய்யும் கைமாற்றும் அவ்வாறே.

பலர் அறியாத ஒரு வழியை இவ்விடத்தில் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். அதே 44-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவு நூலகங்களைப் பற்றியது. பொது நூலகங்களுக்கும், பள்ளி நூலகங்களுக்கும், உயர்கல்விக்கூட நூலகங்களுக்கும் வழங்கும் பணக்கொடை ஆண்டுக்கு 20,000 வெள்ளி வரை கழிவுக்குரியது. அதே தொகையை 44(6)-இன் கீழும் கோரலாகாது. மலைத் தமிழ்ப்பள்ளிகளின் நூலகங்கள் எந்நிலையில் உள்ளன என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வோர் அறிவர். மழைக்காலக் குளிரிலும் பனியிலும் புத்தகங்கள் பூசணம் பிடிக்கின்றன. பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நூலகத்துக்கு வரி கட்டும் மகனோ மகளோ கொடை வழங்கி, பள்ளியிடம் முறையான ரசீது பெறுவது வெகு எளிய செயல். 10-ஆம் உட்பிரிவின்கீழ், சுகாதார அமைச்சு அங்கீகரிக்கும் மருத்துவ நிலையங்களுக்கு வழங்கும் பணத்துக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் 20,000 வெள்ளி வரை கழிவுண்டு. கொடுக்குமுன் அந்நிலையத்துக்கு இச்சலுகை பொருந்துமா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்க.

வரிப் பேச்சை இத்துடன் நிறுத்தி, சேமநிதியின் முதலைத் தொடுவதா வேண்டாமா என்னும் முதன்மையான வினாவுக்கு வருவோம்.

மாதம் 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்குச் சேமநிதியில் மாதந்தோறும் சேர்வது தம் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக 408 வெள்ளி. ஓராண்டுக்கு 4,896. கல்வெட்டில் பெயர் பொறிப்பதற்காக 5,000 வெள்ளி உபயம் எழுதும் ஒருவர், மழையிலும் வெயிலிலும் சரிவில் நின்ற ஓராண்டு முழுவதன் சேமிப்பை, முதலாளியின் பங்கையும் சேர்த்து, ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடுகின்றார். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பங்கள் பல. தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ வாடகை வீடு தேடுவோர்க்கு அந்த 5,000 எத்தனை மாத வாடகை என்பதை அவரவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். 55 முதல் 75 வயது வரை மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுகளுக்குச் செலவிட 240,000 வெள்ளி தேவை. சேமநிதி வாரியம் பல ஆண்டுகள் அடிப்படைச் சேமிப்பின் அளவாகக் கொண்டிருந்ததும் இத்தொகைதான். நம் தோட்டப்புறத்தில் அதில் பாதியளவு உள்ளவரே அரியர். பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுதும் சேமநிதியிலிருந்து முன்கூட்டியே எடுக்கப்பட்ட தொகை சுமார் 14,500 கோடி வெள்ளி. எடுத்தவர் பலருடைய கணக்கு இன்னும் பழைய நிலைக்கு மீளவில்லை.

2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டோரின் கணக்கு மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. புதிய சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் செல்கின்றன. நெகிழ்வுக் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதற்கொண்டு எப்போது வேண்டுமானாலும், எக்காரணத்துக்காகவும் எடுக்கலாம். திருவிழாச் சந்தாவை இக்கணக்கிலிருந்து எடுத்துச் செலுத்தும் பழக்கம் இளைஞர்களிடையே வேரூன்றுவது நலமாகாது. நோயும் வேலையிழப்பும் வரும் நாளுக்காக அப்பணம் அங்கு இருக்கட்டும்.

முதலைத் தொடாமலே கொடுக்க வழியுண்டு. 55 வயது கடந்தவர் பணம் முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்னும் கட்டாயம் எதுவுமில்லை. வேண்டிய அளவு எடுத்து எஞ்சியதை அங்கேயே விட்டுவைக்கலாம்; மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை பெறவும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். விட்டுவைத்த பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. வழக்கமுறைச் சேமிப்புக்குச் சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச ஈவு 2.5 விழுக்காடு. 2023-இல் வாரியம் 5.5 விழுக்காடும், 2024-இல் 6.3 விழுக்காடும் வழங்கியது. 60,000 வெள்ளி விட்டுவைத்தவருக்கு 6.3 விழுக்காட்டில் ஆண்டு ஈவு 3,780, 2.5 விழுக்காட்டில் 1,500. நல்ல ஆண்டின் ஈவைக் கண்டு குழுவினரிடம் வாக்களிப்பவர், குறைந்த ஆண்டில் வாக்குத் தவற நேரும். ஆகவே 1,500 வெள்ளியை மனத்தில் கொண்டு, அதிலும் ஒரு சிறு பகுதியை, ஆண்டுக்கு 200 அல்லது 300 வெள்ளி எனக் கொடைக்கு வகுத்துக்கொள்வது பாதுகாப்பானது. ஒரே முறை 5,000 கொடுத்து ஓய்வதைவிட, ஆண்டுதோறும் 300 கொடுப்பவரைப் பதினேழு ஆண்டுகளில் அறம் மிஞ்சிவிடாது; அவர் முதலும் அவரிடமே இருக்கும்.

இத்தகைய சிறுகக் கொடுத்தல் நம்மவர்க்குப் புதிதுமன்று. 1950-களில் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த எளிய மக்கள் ஒவ்வொரு வெள்ளியாகத்தான் கொடுத்தனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை அமைந்தபோது அதற்கு அந்நிதி உறுதுணையாயிற்று. தோட்டத் துண்டாடலின்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திலும், பால்மரம் வெட்டியோர் மாதம் 10 வெள்ளி வீதமே பங்குப் பணம் செலுத்தினர். அது கொடையன்று, முதலீடே. எனினும் இரண்டிலும் கொடுத்தவர்கள் மாதச் சம்பளத்திலிருந்து கொடுத்தனர். முதுமைக்கு வைத்த பணத்தைக் கேட்டு எவரும் அவர்கள் வாசலில் நிற்கவில்லை. இன்று திருப்பணிக் குழுவில் இருப்போரும் இதனைக் கருதிப் பார்க்கலாம். ஓய்வு பெற்றவரிடம் பெருந்தொகை கேட்பதற்கு மாறாக, சம்பளம் பெறும் இருபது பேரிடம் மாதம் 10 வெள்ளி வாங்குவது குழுவுக்கும் நிலையான வருவாய்.

தம் மறைவுக்குப் பின் அறத்துக்குச் சேரட்டும் என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல். சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்துவைத்தால், இசுலாமியரல்லாத உறுப்பினரின் பணம் நியமனம் பெற்றவர்க்கே உரியதாகும். பின்னர் எழுதும் உயில் அதனை மாற்றாது. உயிலில் "சேமநிதியில் பாதி கோயிலுக்கு" என எழுதிவிட்டு, நியமனத்தில் மூத்த மகனின் பெயரை மட்டும் வைத்திருப்பவர் வீட்டில் சண்டைக்கு வித்திடுகின்றார். இசுலாமிய அன்பர்க்கு நியமனம் பெற்றவர் பணத்தைப் பெற்று முறைப்படி பகிர்ந்தளிக்கும் பொறுப்பாளரே ஆவார். மரணத்துக்குப் பின் செல்லும் கொடையால் வரி மிச்சமும் இல்லை. சொத்து மரண வரி 1991 நவம்பர் முதல் இந்நாட்டில் இல்லாமையால், அதிலிருந்து தப்புவதற்காகக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. திருமணம், மறுமணம், வாரிசின் மரணம் ஆகியவை நேர்ந்த ஒவ்வொரு முறையும் நியமனத்தை எடுத்துப் பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மறைந்த தாயின் பெயரை இன்றும் நியமனத்தில் வைத்திருப்போர் நம்மிடையே குறைவல்லர்.

வரி கட்டும் அன்பர்கள் தங்கள் கொடை ரசீதுகளை 'பி.இ.' பாரத்துடன் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். வாரியம் தணிக்கைக்கு அழைத்தால் அவற்றைக் காட்டியாக வேண்டும். ரசீதில் கொடுத்தவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், தொகை, நாள், நிறுவனத்தின் அங்கீகார எண் ஆகியவை தெளிவாக இருக்கின்றனவா என்பதைக் குழுவினர் எதிரிலேயே படித்துப் பார்த்து வாங்குக. மலைக் குளிரில் அச்சு மங்கிப்போகும் மெல்லிய காகித ரசீதுகளை அன்றே கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வதும் பயன் தரும்.